27 லீற்றர் தண்ணீருக்குள் 16 மீன்: உங்கள் 'குடும்பத் தொட்டி' பற்றிய புகார்

உவர்மலை,
திருகோணமலை.
ஜூலை 2

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

மே மாதம் 18 ஆம் திகதி உங்கள் திருகோணமலைக் கிளையில் 'குடும்பத் தொட்டி' என்று நீங்கள் விற்கும் பொதியை 18,500 ரூபா கொடுத்து வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, மூடி, லைட், சின்ன ஃபில்டர், ஒரு பை கல், பிளாஸ்டிக் செடி, ஒரு டப்பா தீன், அதோடு 16 மீன். பில்லின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அந்த 16 இல் நான்குதான் மிச்சம். செத்தவற்றுக்குப் பதிலாக மறுபடியும் காசு கொடுத்து வாங்கிய நான்கு கப்பி மீன்களும் போய்ச் சேர்ந்துவிட்டன.

மீன் செத்ததற்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். உயிருள்ள சாமான், சாகத்தான் செய்யும். ஆனால் உங்கள் கிளையில் சொன்னதையும் கையேட்டில் போட்டிருந்ததையும் நான் ஒன்று விடாமல் செய்தேன். செய்ததால்தான் அவை செத்தன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு கிழமை பிடித்தது. அதற்குள் ஒன்பது வயது மகள் தோட்டத்தில் செவ்வரத்தைக்குக் கீழே ஒரு மீன் மயானமே கட்டிவிட்டாள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. நான் கூட்டுறவுக் கடை ஒன்றில் கணக்கெழுதுபவன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியில் '35 லீற்றர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தொட்டி 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம். பெருக்கிப் பார்த்தால் 35 லீற்றர் வரத்தான் செய்கிறது. ஆனால் அது கண்ணாடியின் வெளியளவில், கல்லும் போடாமல், விளிம்பு வழிய ஊற்றினால் வருகிற கணக்கு. நீங்கள் தந்த கல்லை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, மீன் வெளியே துள்ளாமல் இருக்க மேலே ஒன்றரை அங்குலம் விட்டு, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் நானே நிரப்பிப் பார்த்தேன். பதினெட்டுப் போத்தல். 27 லீற்றர். மகள் ஒவ்வொரு போத்தலுக்கும் சுவரில் ஒரு கோடு போட்டாள், அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, வந்து எண்ணிப் பார்க்கலாம்.

அந்த 27 லீற்றருக்குள் நீங்கள் விட்டவை: நான்கு கோல்ட் பிஷ், இரண்டு ஏஞ்சல், ஆறு கப்பி, மூன்று மொலி, கண்ணாடியிலும் கல்லிலும் வாயால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சக்கர். பொலித்தீன் பையில் பார்க்கும்போது எல்லாம் விரல் நுனி அளவுதான். 'தாராளமாகப் போதும் அண்ணை' என்று கிளையில் நின்ற தம்பி சொன்னார். அன்றைய அளவுக்கு அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் மீன் கதிரை மாதிரி வாங்கின அளவிலேயே இருக்கப்போவதில்லையே. கோல்ட் பிஷ் ஒழுங்காக வளர்ந்தால் ஆறு அங்குலம், சில வகை அதற்கும் மேல். ஏஞ்சலும் ஆறு அங்குலம், உயரம் அதைவிடக் கூட. மொலி மூன்று. கப்பி இரண்டு. சக்கர் ஒரு அடியைத் தாண்டும். கூட்டிப் பார்த்தேன்: 69 அங்குல மீன். தொட்டியின் நீளமே 18 அங்குலம்.

ஒரு கலனுக்கு, அதாவது நாலு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீருக்கு, ஓர் அங்குல மீன் என்று மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு பழைய கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் என் தொட்டி தாங்குவது ஏழு அங்குலம். நீங்கள் தந்தது ஏறக்குறையப் பத்து மடங்கு. அந்தக் கணக்கும் கப்பி மாதிரிச் சின்ன, ஒல்லி மீனுக்குத்தான் பொருந்தும் என்கிறார்கள். காரணம் எளிது: மீன் இரண்டு மடங்கு நீளமானால் உடம்பு எட்டு மடங்கு ஆகிறது, தின்பதும் கழிப்பதும் அதற்கு ஏற்றபடி. ஆறு அங்குலக் கோல்ட் பிஷ் ஒன்றும் ஓர் அங்குலக் கப்பி ஆறும் ஒன்றாகாது.

தண்ணீரின் மேற்பரப்பை வைத்துப் பார்ப்பது இன்னொரு முறை, ஏனென்றால் காற்று தண்ணீருக்குள் கலப்பது அந்த வழியாகத்தான். வெப்பநாட்டு மீன் என்றால் ஓர் அங்குலத்துக்கு 12 சதுர அங்குலப் பரப்பு வேண்டும், கோல்ட் பிஷ் போன்ற குளிர்நீர் மீனுக்கு 30. என் தொட்டியின் பரப்பு 180 சதுர அங்குலம். வளர்ந்த கோல்ட் பிஷ் ஒன்றே ஒன்று. மற்றப் பதினைந்தும் எங்கே மூச்சு விடுவது?

இதெல்லாம் பொதுக் கணக்கு. திருகோணமலைக் கணக்கு இதைவிட மோசம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்கள் கிளைக்குத் தெரியும். அனலை வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்றில் துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். பின்னேரம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீரில் வெப்பமானியை வைத்தேன், 31 பாகை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் தங்கும் ஒட்சிசன் குறையும்: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவில் இருப்பது, 30 பாகையில் ஏழரைக்கு இறங்கிவிடும். மீனுக்கோ சூட்டில் மூச்சு கூடத் தேவை. கோல்ட் பிஷ் 20 பாகையை ஒட்டிய குளிர்த் தண்ணீரில் சுகமாக இருக்கும் மீன், ஏஞ்சல் அதற்கு மாறாகச் சூட்டை விரும்புவது. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு, அதைக் கொண்டுபோய் உவர்மலையில் வையுங்கள் என்று எந்த அனுபவத்தில் எழுதினீர்களோ தெரியாது. நுவரெலியாவுக்கும் எங்களுக்கும் ஒரே கையேடுதானா?

அப்புறம் ஃபில்டர். கிளையில் தொட்டியைக் கட்டித் தந்த அன்றைக்கே மீனையும் விட்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சி வடித்த மாதிரி வெள்ளையாகக் கலங்கியது. நான்காம் நாள் முதல் கப்பி. ஐந்தாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் நான்கு கோல்ட் பிஷ்ஷும் மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, பக் பக் என்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. செவுள் ஓரம் சிவந்து கிடந்தது. 'பசிக்குது போல அப்பா' என்று மகள் தீனைத் தூவினாள். கையேட்டிலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றுதானே இருந்தது.

அது பசியில்லை என்பது பிறகு தெரிந்தது. மீனின் செவுள் வழியாகவும் மிஞ்சிய தீன் அழுகியும் அமோனியா என்ற நஞ்சு சேருகிறது. அதை நைத்திரைற்று ஆக்கவும், பிறகு அவ்வளவு கெடுதி இல்லாத நைத்திரேற்று ஆக்கவும் ஃபில்டர்ப் பஞ்சில் பக்டீரியா குடியேற வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு கிழமை ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன், ஒரு சிட்டிகைத் தீன் என்று பொறுமையாகப் போக வேண்டும். உங்கள் கையேட்டில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. மாறாக 'கிழமைக்கு ஒரு தடவை தண்ணீர் முழுவதையும் மாற்றவும், ஃபில்டர்ப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவவும்' என்று இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே! குடியேறிய கொஞ்சப் பக்டீரியாவையும் நான் ஒவ்வொரு ஞாயிறும் பக்தி சிரத்தையோடு கழுவிக் கொன்றுகொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த என் சொந்தத் தம்பி ஒரு சோதனைப் பெட்டி கொண்டுவந்து தண்ணீரில் துளி விட்டுப் பார்த்தான். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும் பச்சை. அமோனியா பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் லீற்றருக்கு 4 மில்லிகிராம்.

ஜூன் முதல் கிழமையில் ஓர் இரவு கரண்ட் போனது. இரண்டு மணித்தியாலம்தான். விடிய இரண்டு ஏஞ்சலும் ஒரு கோல்ட் பிஷ்ஷும் மல்லாந்து கிடந்தன. அளவாக மீன் இருந்தால் ஃபில்டர் இரண்டு மணித்தியாலம் நின்றும் தாங்கும். கரண்ட் போகாத ஊர் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறதா, அதையும் யோசித்து மீனை எண்ண வேண்டாமா? எங்கள் மாமி திருக்கடலூரில் பிறந்து வளர்ந்தவர். அன்றைக்குத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், 'பதினெட்டாயிரத்துக்கு விளைமீன் வாங்கியிருந்தா வருசம் பாதிக்குக் குழம்பு வச்சிருக்கலாம்' என்று. என்னிடம் பதில் இல்லை.

கிளைக்குப் போய்ச் சொன்னேன். ஆத்திரத்தோடு போகவில்லை, கேட்கத்தான் போனேன். 'மீன் சாகிறது சகஜம் அண்ணை, புதுசா நாலு கப்பி விடுங்கோ' என்று 600 ரூபாவுக்கு நான்கைப் பையில் போட்டுத் தந்தார்கள். இடம் போதாமல் செத்த தொட்டிக்கு மேலும் நான்கு. அவை ஐந்து நாள் தாண்டவில்லை. சக்கர் பெரிதாகுமாமே என்று கேட்டதற்கு வந்த பதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பெருத்தா கன்னியாப் பக்கம் ஒரு குளத்தில விட்டிடுங்கோ.' ஐயா, தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் சக்கர் இலங்கையின் நீர்த்தேக்கங்களில் ஏற்கெனவே பரவி, முள்ளுச் செட்டையால் மீனவர் வலையில் சிக்கி வலையை நாசமாக்குவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மீன்பிடித்துச் சாப்பிடுகிற ஊரில், மீன் விற்கும் கம்பனியே இந்த யோசனை சொல்லலாமா?

கிளையில் நிற்கும் அந்தத் தம்பியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். பிழை பொதியில் இருக்கிறது. 27 லீற்றர் தண்ணீருக்கு, அதுவும் எங்கள் வெயிலுக்கு, ஆறு ஆண் கப்பி போதும். ஆணும் பெண்ணும் கலந்து விட்டால் மாதம் ஒரு தடவை குட்டி போட்டுத் தொட்டி தானாகவே நிரம்பிவிடும். இல்லையென்றால் ஒரு ஃபைட்டர் மீன், கூட இரண்டு நத்தை. பார்க்கக் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரருக்கு லாபமும் குறையும். நம் நாட்டின் தென்மேற்கு ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் செரி பார்ப், முழுதாக வளர்ந்தாலும் ஐந்து சென்ரிமீற்றர்தான். அந்த மீனின் படம்கூட உங்கள் கையேட்டில் இல்லை, ஒரு அடி வளரும் சக்கர் அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது நிலைமை இது. தப்பிய ஒரே கோல்ட் பிஷ்ஷை நீல நிறப் பரல் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பின் விறாந்தை நிழலில் விட்டிருக்கிறேன். அது தேறிவிட்டது, என்னைக் கண்டால் கரைக்கு வருகிறது. இரண்டு மொலியும் தொட்டியில் நன்றாக இருக்கின்றன. எங்கள் கிணறு கொஞ்சம் சவர், அந்தத் தண்ணீரில் கால்வாசி கலந்து விட்டதுதான் காரணமாக இருக்கும், மொலிக்கு உவர் பிடிக்குமாம். சக்கர் கல்லோடு ஒட்டிக் கிடக்கிறது, ஆறு கிழமையில் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். தொட்டியையும் லைட்டையும் திருப்பித் தரப்போவதில்லை, அவற்றில் குறை இல்லை. செத்த 12 மீனின் விலையையும் இரண்டாம் தடவை வாங்கிய கப்பிக்குக் கொடுத்த 600 ரூபாவையும் திருப்பித் தர வேண்டும். சக்கரை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும், நான் அதைக் குளத்தில் விடமாட்டேன். பெட்டியில் உள்ள '35 லீற்றர் - 16 மீன்' என்பதை மாற்றி, ஒவ்வொரு மீனும் வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று கையேட்டில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடிக்க வேண்டும். பஞ்சைக் குழாயில் கழுவச் சொல்லும் வரியை உடனே எடுத்துவிடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும், கிழமைக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும், புதுத் தண்ணீரையும் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்திருந்து. பணத்தைவிட எனக்கு இது முக்கியம். போன சனிக்கிழமையும் அதே பொதியோடு ஒரு குடும்பம் உங்கள் கிளையிலிருந்து முச்சக்கரவண்டி ஏறியதைப் பார்த்தேன், பின் சீட்டில் ஒரு பையன் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

இந்த மாதம் 16 ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். முறைப்பாட்டுக்கு மூன்று மாதம் தவணை இருக்கிறது, நான் வாங்கி இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பில், கையேடு, போத்தல் கணக்கு எழுதிய தாள், சோதனைக் குப்பியின் படம் எல்லாம் ஒரு கோவையில் இருக்கின்றன.

சக்கரை எடுக்க ஆள் அனுப்புவதானால் காலை ஒன்பது மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும், பையில் மீன் தாங்காது. மகள் பாடசாலைக்குப் போன பிறகு என்றால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் பிரதி, கையேட்டின் 2 ஆம் 3 ஆம் பக்கங்கள், படங்கள் 4