பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்று

எங்கள் கடற்கரைப் பங்கின் மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும்,

இயேசுவுக்கே புகழ். குருத்தோலை ஞாயிறு திருப்பலியின் முடிவில், ஆண்டவர் தம் சீடர்களின் பாதம் கழுவியதை நினைந்து பெரிய வியாழனன்று தங்கள் கையால் பாதம் கழுவப்படவிருக்கும் பன்னிருவரின் பெயர்களை வாசித்தீர்கள். எங்கள் பகுதிக் குடும்பங்களின் குழுவான அன்பியம் எழுதிக் கொடுத்த என் அம்மாவின் பெயர் அதில் இல்லை. காரணம் கேட்டதற்கு, பெண்களைப் பீடத்தருகே உட்கார வைக்கும் வழக்கம் இங்கு இல்லை என்றீர்கள். ஊர்வரிப் பாக்கி இருப்பதாகவும் பேரவையில் ஒருவர் சேர்த்துச் சொன்னார்.

வழக்கம் என்பது மாறாத ஒன்றன்று. இச்சடங்கு மாலைத் திருப்பலிக்குள் வந்ததே 1955இல் திருத்தந்தை (போப்) 12ஆம் பயஸ் செய்த சீர்திருத்தத்தால்தான். ஆண்கள் மட்டும் என்றிருந்த விதியை 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றி, ஆண், பெண், இளையோர், முதியோர், நோயுற்றோர் என இறைமக்கள் எவரையும் தேர்ந்தெடுக்க வழிசெய்தார். அதற்கு முன்பே, 2013இல், உரோமையின் சிறார் சிறையொன்றில் பெண்களின் பாதங்களையும் அவர் கழுவியது தாங்கள் அறியாததன்று.

அம்மா முப்பது ஆண்டுகளாக மீன் விற்பவர். விடியுமுன் ஏலத்தில் எடுத்த மீனைத் தலையில் ஏற்றி வள்ளியூர்த் தெருக்களில் நடக்கையில், சருவப் பாத்திரத்திலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் முதுகில் இறங்கிக் கால்விரல்களுக்கிடையே தேங்கும். அங்கே சேற்றுப்புண் ஆறியதே இல்லை; குதிகால் வெடிப்பில் பத்துக்காசை நட்டு வைக்கலாம். பெயர் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து, மூன்று இரவுகள் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்து, கொல்லைப்புறக் கல்லில் தேய்த்துக் கொண்டிருந்தார். “சாமி கை படுமே” என்றார். ஞாயிறு இரவு அந்த வெந்நீர் காய்ச்சப்படவில்லை.

அந்த நாற்காலிகளில் ஆண்டுதோறும் யார் அமர்கிறார்கள் என்பதை ஊரே அறியும். படகு உரிமையாளர்கள், திருவிழாவுக்குப் பெருந்தொகை தந்தவர்கள், அவர்களின் மைத்துனர்கள். வாசலில் ஃபிளெக்ஸ் பலகையில் பன்னிருவரின் படமும் வைக்கிறோம். திருத்தூதர்களுக்கே கிடைக்காத பேறு. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை அன்று நீங்களே வாசிப்பீர்கள். ஆண்டவர் தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசின் பாதத்தையும் கழுவினார். பணப்பை வைத்திருந்தவரும் அவரே. ஆகவே அந்தக் கணக்கில் வரிப்பாக்கி இருந்திருக்க வாய்ப்பில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்தது இதுவன்று. மீன் விற்கும் பெண்களில் ஒருவரையாவது இவ்வாண்டு அந்த வரிசையில் அமரச் செய்யுங்கள். அது என் அம்மாவாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு பெண்ணாக இருந்தால் போதும். வியாழன் மாலைக்கு இன்னும் சில நாள்கள் இருக்கின்றன, பட்டியலைத் திருத்தி வாசிக்க அவகாசம் உண்டு. நாற்காலி போதாவிட்டால் எங்கள் வீட்டு முக்காலியைத் தூக்கி வருகிறேன்.

இப்படிக்கு,
மீன்காரி மகள்