தெரியாத இரண்டு பெயர்கள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. திட்டாதே. அம்மா ஊருக்குக் கிளம்பும் நேரம். பெட்டியை நான்கு முறை எடை போட்டு, மூன்று முறை பிரித்துக் கட்டினோம். விமானம் ஏற்றிவிட்டு வந்து, வெறிச்சென்று கிடந்த வீட்டில் உட்கார்ந்துதான் நீ எழுதியதை நிதானமாகப் படித்தேன்.

வீட்டுக் கடனுக்கு மனுப் போடுமுன், இந்த அமெரிக்காவில் நம் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாய், அதை யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் இன்க்வயரி பகுதியில் கேள்விப்பட்டே இராத இரண்டு பெயர்கள் இருந்தன, அன்றிலிருந்து தூக்கம் போச்சு. சரி. ஆனால் முக்கியமான ஒன்றை நீ எழுதவில்லையே: அவை ஹார்ட் இன்க்வயரியா, சாஃப்டா? சாஃப்ட் என்றால் போய்ப் படுத்துத் தூங்கு. உனக்கு அட்டை விற்க ஆள் தேடும் வங்கி, காப்பீட்டு நிறுவனம், நீ ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் இடம், இவையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன தடம் அது. கடனை ஒழுங்காகக் கட்டுவாயா என்பதற்குப் போடும் மதிப்பெண்ணான ஸ்கோரைத் தொடாது, கடன் கொடுப்பவர்கள் கண்ணிலும் படாது. உன் பெயரில் கடனோ அட்டையோ கேட்டு மனுப் போனால் விழுவது ஹார்ட். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வெட்கத்தில் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு ராத்திரி ரிப்போர்ட்டைத் திறந்தால் ஆறு ஹார்ட் இன்க்வயரி, ஆறும் தெரியாத பெயர். முதல் சந்தேகம் இவர்மேல்தான். "எனக்குத் தெரியாமல் எங்கே கடன் கேட்டீர்கள்?" என்று ஆரம்பித்து, இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள்தான் பெயர்களை விட்டுவிட்டுத் தேதிகளைப் பார்த்தேன். ஆறில் ஐந்து ஒரே சனிக்கிழமை. நாங்கள் கார் வாங்கிய சனிக்கிழமை! டீலரிடம் ஃபைனான்ஸ் மேஜையில் இருந்தவர் திரையில் ஒரு கையெழுத்து வாங்கினார் அல்லவா, அதை வைத்து ஐந்து இடங்களுக்கு என் மனுவை அனுப்பியிருக்கிறார். நான் பார்த்தது ஒரே ஒரு டீலரை, ரிப்போர்ட்டில் விழுந்ததோ நான் வாசலைக்கூட மிதிக்காத வங்கிகளின் பெயர். கடைகள் கொடுக்கும் அட்டையிலும் இதே கதைதான். அட்டையில் கடையின் பெயர் இருக்கும், இன்க்வயரி அதன் பின்னால் உள்ள வங்கியின் பெயரில் வரும். அதனால் நீயும் முதலில் தேதியைப் பார். அந்த வாரம் எங்கே போனாய், எதில் கையெழுத்துப் போட்டாய் என்று யோசி. பழைய மின்னஞ்சல்களைத் துழாவினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கார் கடன், வீட்டுக் கடன் இரண்டுக்கும் நாலு இடத்தில் வட்டி விசாரிப்பது சகஜம் என்று ஸ்கோர் போடும் ஃபைகோ கணக்குக்கே தெரியும். பழைய முறையில் 14 நாளுக்குள், புதிய முறையில் 45 நாளுக்குள் விழுந்தவற்றை ஒன்றாகத்தான் எண்ணும். தனியாக விழும் ஒரு இன்க்வயரிக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து புள்ளிக்கும் குறைவாகத்தான் போகும். ரிப்போர்ட்டில் 2 வருடம் இருக்கும், ஆனால் ஃபைகோ கடைசி 12 மாதத்தை மட்டும் பார்க்கும். ஆகவே ஸ்கோரை நினைத்துக் கலங்காதே. "யார், ஏன்?" என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஏனென்றால் ஆறாவது பெயர் அப்படி அவிழவில்லை. ஒரு புதன்கிழமை. அன்று எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பெயரோடும் முகவரியோ தொலைபேசி எண்ணோ இருக்கும், அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன். (இணையத்தில் தேடி எடுக்காதே, போலி எண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு.) மோசடிப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி, முக்கால் மணி நேரம் இசை கேட்டபின் விஷயம் வெளிவந்தது. நான் காலே வைக்காத ஒரு மாநிலத்தில், என் பெயரிலும் இங்கே அடையாள எண்ணாகப் பயன்படும் என் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலும் யாரோ தவணையில் போன் வாங்கப் பார்த்திருக்கிறார். பிறந்த தேதி பொருந்தவில்லை, மறுத்துவிட்டார்களாம். என் எண் எங்கிருந்து கசிந்தது என்று கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 2017இல் இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் நிறுவனங்களில் ஒன்றான ஈக்விஃபாக்ஸிலிருந்து மட்டும் ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரம் திருடு போனது. இதில் எங்கே போய்த் தேட?

அந்த மனு என்னுடையது அல்ல என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். நீயும் இதை விடாதே. கிரெடிட் நிறுவனத்திடம் வெறுமனே புகார் செய்தால், "அவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தது உண்மை, அதைத்தான் பதிந்திருக்கிறோம், அவர்களிடமே கேளுங்கள்" என்று கையை விரிப்பார்கள். அப்புறம் அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் அடையாளத் திருட்டுப் புகார் பதிந்தேன். பதிவு தவறு என்று எழுதும் சாதாரண டிஸ்ப்யூட் என்றால் விசாரிக்க 30 நாள் எடுத்துக்கொள்வார்கள். இந்தப் புகாரும் அடையாளச் சான்றும் சேர்ந்து போனால், திருட்டால் வந்த பதிவை 4 வேலை நாளுக்குள் மறைத்தாக வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில், போய்ச் சேர்ந்த சீட்டோடு அனுப்பினேன். மறைந்தது.

இன்க்வயரியைவிட, அதன் பிறகு கணக்கு ஏதாவது திறந்திருக்கிறார்களா என்று பார். முகவரிப் பட்டியலையும் பார், நீ குடியிருக்காத வீடு ஒன்று அதில் இருந்தால் அது இன்க்வயரியைவிடப் பெரிய அபாய மணி. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் எடு. கடன் கொடுப்பவர் பல சமயம் ஒன்றை மட்டும் பார்ப்பதால் தடம் ஒன்றில் மட்டும் இருக்கலாம். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காமில் வாரம் ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம்.

ஒரு பெயராவது நிஜமாகவே உன்னுடையது இல்லை என்று தெரிந்தால் புதிதாகக் கடன் கொடுப்பவர் யாரும் உன் ரிப்போர்ட்டைப் பார்க்க முடியாதபடி அன்றே ஃப்ரீஸ் போட்டுவிடு. 2018 செப்டம்பரிலிருந்து காசு கிடையாது. மூன்று இடத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே கடன் கொடுங்கள் என்று எச்சரிக்கும் ஃப்ராட் அலர்ட் என்றால் ஒருவரிடம் சொன்னால் போதும், மற்ற இருவருக்கும் அவர்களே சொல்வார்கள், ஒரு வருடம் இருக்கும். ஆனால் அலர்ட் வெறும் அறிவிப்புப் பலகை, ஃப்ரீஸ்தான் பூட்டு. வீட்டுக் கடன் வேலை கெட்டுவிடுமோ என்று பயப்படாதே. எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கடன் கொடுப்பவரிடம் கேட்டு, அந்தச் சில நாளுக்குத் தளர்த்து. இணையத்திலோ போனிலோ கேட்டால் ஒரு மணி நேரத்தில் திறந்தாக வேண்டும். உன் பையனுக்கும் போட்டு வை. 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரே போடலாம், காகிதங்களைத் தபாலில் அனுப்பும் தொல்லை மட்டும் உண்டு.

உன் வீட்டுக்காரரின் அலுவலக நண்பர் சொன்ன அந்த "எல்லா இன்க்வயரியையும் துடைத்துத் தருகிறேன்" ஆசாமி பக்கமே போகாதே. வேலையை முடிக்குமுன் பணம் வாங்குவது 1996இல் இயற்றிய சட்டப்படியே குற்றம். அதைவிட மோசம், நீ கையெழுத்துப் போட்டவற்றையும் திருட்டு என்று எழுதச் சொல்வார்கள். எஃப்டிசி புகாரில் பொய் எழுதினால் மாட்டுவது அவர் இல்லை, நீ.

இங்கே மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை. மூத்தவள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். போகுமுன் அவளுக்கும் ஃப்ரீஸ் போட உட்கார வைத்தால், "அம்மா, என் பேரில் கடன் கேட்டால் திருடனுக்குத்தான் நஷ்டம்" என்கிறாள். இவர் முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று தினமும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கூடத்திலேயே நடக்கிறார். அந்த இரண்டு நாள் சண்டையை இன்னும் சொல்லிக் காட்டுகிறார். கார் சாவியை எடுக்கும்போதெல்லாம், "எதற்கும் தேதியைப் பார்த்துக்கொள்" என்கிறார்.

இரண்டு பெயர்களின் தேதியையும் பார்த்து எழுது. போன் செய்யும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் என்னையும் சேர்த்துக்கொள், இரண்டு பேரும் சேர்ந்தே அந்த இசையைக் கேட்போம்.

உன்
பழைய பெஞ்சுத் தோழி