இட்டேரியும் காம்பஸும்: நம் ஓரியன்டீரிங் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், தங்கள் கொறங்காடுகளில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில்) நம்மை ஓடவிட்ட காட்டுக்காரர்களுக்கும் வணக்கம்.

வரைபடமும் காம்பஸும் கொண்டு, நிலத்தில் வைத்த கொடிகளைத் தேடி ஓடும் ஓரியன்டீரிங்கில் நமக்குக் கால் வேகம் இருக்கிறது, கொடியைத் தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது என்று சென்ற பொதுக்குழுவில் பலர் வருந்தினார்கள். அதனால் இந்த ஆண்டு போட்டிகளைக் குறைத்து ஞாயிறு காலைகளைப் பயிற்சிக்கு ஒதுக்கினோம். ராணுவத்தில் வரைபட வாசிப்புக் கற்பித்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், சன்மானம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிப் பயிற்றுநராக வந்தார்.

முதல் மாதம் அவர் நம்மை ஓடவே விடவில்லை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் 1:10,000 வரைபடத்தைக் கொடுத்து நடக்கச் சொன்னார். வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 100 மீட்டர். அந்த 100 மீட்டருக்குத் தனக்கு எத்தனை இரட்டைக் காலடி என்று ஒவ்வொருவரும் எண்ணி வைத்துக்கொண்டோம். தார்ச்சாலையில் ஒரு கணக்கு வந்தது, கொழுக்கட்டைப் புல்லில் வேறு கணக்கு வந்தது. நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, திருப்பம்தோறும் வரைபடத்தின் வடக்கைக் காம்பஸின் வடக்கோடு பொருத்தும் பழக்கம் அப்போதுதான் கைக்கு வந்தது. மேடுபள்ளத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகள் சமவெளியில் அரிது என்பதால், அவற்றைப் படிக்கச் சிவன்மலை அடிவாரத்துக்குச் சென்றோம்.

நம் மண்ணில் வழிகாட்டி, காடுகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய மண்பாதையான இட்டேரிதான். அதைப் பிடித்துவிட்டால் காம்பஸைப் பாராமல் வேகமெடுக்கலாம். ஆனால் இருபுறமும் கிளுவை முள்வேலி. வேலியில் கடவு (நுழையும் வழி) எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்காமல் நேர்வழியை நம்பிப் போனால், முள்ளின் முன் நின்றுவிட்டு முழுக் காட்டையும் சுற்ற வேண்டும்.

மார்கழியில் அடுத்தடுத்த இரண்டு இட்டேரிகளில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கால் மணி நேரம் அலைந்தேன். வரைபடத்தை நிலத்தோடு ஒப்பிடாமல், நான் விரும்பியதையே அதில் கண்டேன். பயிற்றுநர் இதையே மறுவாரப் பாடமாக்கினார். இருவர் இருவராகப் போக வேண்டும். ஒருவர் வரைபடத்தோடு முன்னால் ஓட, மற்றவர் வெறுங்கையோடு தொடர்வார். திடீரென்று வரைபடம் கை மாறும், 'எங்கே நிற்கிறாய்?' என்ற கேள்வி வரும். பள்ளி மாணவிகள் இதில் பெரியவர்களை முந்தினார்கள். பாறை, கிணறு, வேலியின் மூலை என்று வரும் வழியெல்லாம் கவனித்துக்கொண்டே வந்திருந்தார்கள். இந்த ஆண்டின் பெரிய பலன் என்று நான் இதைத்தான் கருதுகிறேன்.

ஒரு வருத்தம். ஒருநாள் நம்மில் யாரோ கடவை மூடும் படலைச் சாத்தாமல் விட்டதால் மாடுகள் வெளியேறிவிட்டன. உரிமையாளரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். பெருந்தன்மையோடு மறுபடியும் இடம் தந்தார். இனிக் கடைசியாக வருபவர்தான் படலுக்குப் பொறுப்பு.

கொறங்காடுகள் மனையாகி, கிளுவை போய்க் கம்பிவேலி வருகிறது. பழைய வரைபடம் பல இடங்களில் பொய் சொல்கிறது. திருத்தும் பணிக்கு உறுப்பினர்கள் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சித்திரை முதல் ஞாயிறு காலை 6 மணிக்குப் பயிற்சி மீண்டும் தொடங்கும். காம்பஸ் இல்லாதவர்களுக்குச் சங்கம் தரும்.

செயலாளர்