சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"கையில் ஆஃபர் இல்லாமல் ஏன் பேப்பர் போட்டீர்கள்?" போன மாதம் தரமணியில் நடந்த இன்டர்வியூவில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்.

நானாக எங்கே ராஜினாமா செய்தேன்? சோழிங்கநல்லூரில் 11 வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்த கம்பெனியில், ஒரு மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். "நீங்களே ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும். இல்லையென்றால் டெர்மினேஷன் என்று எழுத வேண்டியிருக்கும்." 20 நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சரி, அடுத்த இடத்தில் உண்மையையே சொன்னேன். "டீமில் எல்லோரையுமா அனுப்பினார்கள்? சிலரை வைத்திருப்பார்களே?" என்றார் எதிரே இருந்தவர். அப்புறம் சம்பளப் பேச்சு பழைய சம்பளத்துக்குக் கீழேயிருந்து தொடங்கியது.

ஸ்ரீபெரும்புதூரில் 2014-இல் நோக்கியா ஆலையை மூடினார்கள். மறைமலைநகரில் 2022-இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியது. அந்தத் தொழிலாளர்களும் அடுத்த வேலைக்கு அலைந்தார்கள்தான். ஆனால் கேட்டில் தொங்கிய பூட்டை ஊரே பார்த்தது. எங்கள் விஷயத்தில் கட்டடத்தில் விளக்கு எரிகிறது, கம்பெனி பஸ் ஓடுகிறது. ஆள் மட்டும் இல்லையென்றால் ஆளிடம்தான் கோளாறு என்று ஆகிவிடுகிறது. (அபார்ட்மென்டில் இன்னமும் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.)

தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்த்த 25எச் என்றொரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்பு செய்த நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால், வெளியே அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது அது. 2020-இன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் ஒரு வருட வரம்போடு அது இருக்கிறது. ஐ.டி. ஊழியர் 'தொழிலாளி'யா என்ற வழக்கை வக்கீல்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பார்ப்பது அதன் நியாயத்தை: அனுப்பப்பட்டவர் தப்புச் செய்தவர் இல்லை. நீங்கள் பழைய கம்பெனிக்கு அனுப்பும் பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்திலோ 'மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?' என்று ஒரு கட்டம். பழைய கம்பெனியில் யாரோ 'இல்லை' என்று டிக் அடித்தால் போச்சு. காரணம் எழுத அங்கே இடமே கிடையாது.

நான் கேட்பது பெரிதில்லை. ஆட்களைக் குறைத்தால் ரிலீவிங் லெட்டரில் ஆட்குறைப்பு என்றே எழுதுங்கள். அந்தக் கட்டத்தை எடுங்கள், அல்லது காரணத்தையும் கேளுங்கள்.

அடுத்த வாரம் பெருங்குடியில் இன்னொரு இன்டர்வியூ. 'விலகிய காரணம்' என்ற இடத்தில் இந்த முறை 'லே ஆஃப்' என்றே நிரப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணையிலிருந்து ஒரு டெஸ்டர்