வீடியோ மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆறாவது படிக்கும் என் மகள் ஆன்லைனில் கன்னடம் கற்கிறாள். வீடியோ முடிந்ததும் பாதி மறந்துவிடும். பாடத்தின் நடுவே படத்தையும் சொல்லையும் ஜோடி சேர்க்கும் சின்ன விளையாட்டு வந்த பிறகுதான் வெல்லம் 'பெல்ல', வெண்ணெய் 'பெண்ணெ' என்று மனதில் நின்றது. தப்பாகத் தொட்டால் சரியான விடையைக் காட்டி, நாலு கேள்வி தள்ளி அதே சொல்லைத் திரும்பக் கேட்கிறது. மறுபடி படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்ததுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். அப்புறம் ஏன் இத்தனை பாடங்களில் வெறும் வீடியோ? கடிகாரத்தை ஓடவிட்டுப் பதற வைக்கும் விளையாட்டு வேண்டாம். சாதாரண போனில் திறக்க வேண்டும், ஏன் தப்பு என்று ஒரு வரி சொல்ல வேண்டும், பாடம் தயாரிப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு