தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை கணபதியில் முப்பது வருஷமாக எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி, டிராக்டர், கார் என்று வந்ததை எல்லாம் பிரித்துக் கோர்த்த அனுபவம். இப்போது எழுதுவது ஒரு படகு எஞ்சினைப் பற்றி. ஆனால் இதில் நடந்த தவறு மழைக்காலத்தில் நம் ஊர்க் கார்களுக்கும் அப்படியே நடக்கிறது, அதனால்தான் உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்கிறேன்.

திருப்பூரில் இருக்கும் என் தங்கை மகனும் கொச்சியில் உள்ள அவன் சிநேகிதனும் சேர்ந்து, காயலில், அதாவது உப்பங்கழியில், சுற்றுலாக்காரர்களை ஏற்ற ஒரு வேகப் படகு வாங்கினார்கள். மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கூடவே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர். போன மாதம் ஒரு காலையில் போன் செய்தான். "மாமா, எஞ்சினுக்குள்ள மறுபடியும் தண்ணி போயிருச்சுங்க. புது எஞ்சின்தான் போடணும்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க." வட்டிக்கு வாங்கிப் போட்ட பணம், குரலிலேயே தெரிந்தது.

மறுபடியும் என்றானே, அதுதான் எனக்கு உறுத்தியது. மூன்று வாரத்துக்கு முன்னால் முதல் தடவை தண்ணீர் போனபோது பார்த்த இடத்தில் ஆயிலை இறக்கி, சிலிண்டரைக் காயவைத்து, புது பிளக் போட்டு, ஓட்டிக் காட்டிப் பணம் வாங்கிவிட்டார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை ஸ்டார்ட்டர் டக்கென்று நின்றதும், இவர்களும் பக்கத்துப் படகு பேட்டரியை இழுத்து வைத்து ஏழெட்டுத் தடவை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை பிடித்து, பெரிய சத்தத்தோடு நின்றுவிட்டதாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது மற்ற இரண்டில் ஒன்று பிடித்துக்கொண்டால் போதும், அந்த வேகத்தில் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

போனிலேயே சொன்னேன்: இனி ஸ்டார்ட்டரைத் தொடாதே, பேட்டரி வயரைக் கழற்று, மூன்று பிளக்கையும் எடுத்துவிட்டு கையால் மெதுவாகச் சுற்று, வரும் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடி, அப்புறம் பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றி மறுபடி நாலு சுற்றுச் சுற்று. உப்புத் தண்ணீர் பட்ட இரும்பில் காற்றும் பட்டால் சில மணி நேரத்திலேயே துரு ஆரம்பித்துவிடும், கொச்சியிலிருந்து இங்கே வரும் வரை அது காத்திருக்காது. இன்டர்கூலர், சூப்பர்சார்ஜர் எதையும் பிரிக்காமல் அப்படியே கொண்டு வா என்றும் சொன்னேன். மறுநாள் குட்டியானையில் கட்டி, வாளையார் வழியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

முதலில் எஞ்சினைத் தொடவில்லை, பாட்டிலைத்தான் கேட்டேன். அரை டம்ளர் தண்ணீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி, டீ போடும் அடுப்பில் சிறு தீயில் வைத்தேன். நீர் வற்ற வற்ற ஓரத்தில் வெள்ளையாக வளையம் கட்டி, கடைசியில் தட்டு முழுக்க உப்புப் பூத்துவிட்டது. பாதி பதில் அங்கேயே கிடைத்தது. இந்த எஞ்சினின் பிளாக்குக்குள் சுற்றுவது கூலன்ட், அதற்கென்று நிறம் உண்டு. அது வந்திருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம், டேங்கில் அளவும் குறைந்திருக்கும். இங்கே துளி குறையவில்லை. உப்பில்லாத வெறும் தண்ணீராக இருந்தால் மழையோ, கழுவிய தண்ணீரோ. உப்புத் தண்ணீர் என்றால், படகுக்குள் தண்ணீர் ஏறாத வரை, இரண்டே வழிதான், ஒன்று சைலன்ஸர் பக்கம், இன்னொன்று இன்டர்கூலர். ஏனென்றால் வெளியிலிருந்து உறிஞ்சும் காயல் தண்ணீர் அந்த இரண்டு இடத்தைத்தான் குளிர வைக்கிறது.

எந்தப் பக்கம் என்று போர்ட்டை, அதாவது சிலிண்டருக்குக் காற்று வரும், புகை போகும் வாயை, பார்த்தாலே தெரியும். புகை போகும் போர்ட்டில் காய்ந்த கரி மட்டும் இருந்தது. காற்று வரும் போர்ட்டில், மூன்றாவது சிலிண்டர் பக்கம், விரலால் தொட்டால் நறநறவென்று உப்பு. சரி, இன்டர்கூலர்தான். சூப்பர்சார்ஜர் அமுக்கிய காற்று சூடாகிவிடும், அதைக் குளிர வைப்பதற்காக இருக்கும் பெட்டி அது. உள்ளே மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும், வெளியே காற்று போகும். கழற்றி, ஒரு வாயை அடைத்து, மற்றதில் ஒரு பார் அளவுக்குக் காற்று ஏற்றி, பஞ்சர் கடையில் டியூபை முக்குவது மாதிரி தொட்டியில் முக்கினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தங்கை மகன் முகம் வாடிவிட்டது. அப்புறம் ஒரு மூலையில், குழாய் தகட்டோடு சேரும் இடத்தில், கடுகு அளவில் ஒரு காற்று முட்டை, பின்னாலேயே இன்னொன்று. அவ்வளவு சின்ன ஓட்டை. முழு வேகத்தில் போகும்போது காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே விடாது, அதனால் படகு ஓடும்போது ஒரு குறையும் தெரிந்திருக்காது. நிறுத்திக் கட்டிய பிறகு, இன்டர்கூலரில் தங்கிய தண்ணீர் ராத்திரி முழுக்கச் சொட்டி, திறந்திருந்த வால்வு வழியாக சிலிண்டரில் இறங்கியிருக்கிறது. காலையில்தான் பிரச்சினை வரும் என்று அவன் சொன்னதற்கு இதுதான் காரணம்.

ஹெட்டை இறக்கி டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் மூன்றாவது பிஸ்டன் மட்டும் மற்ற இரண்டின் உயரத்துக்கு வரவில்லை. ராடு வளைந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்திப் போடுகிறவர்களும் உண்டு, நான் போடமாட்டேன், புதுசுதான். சிலிண்டரின் உள்சுவரில் துரு மேலாக இருந்ததால் ஹோனிங்கோடு, அதாவது கல்லால் தேய்ப்பதோடு, முடிந்தது. சூப்பர்சார்ஜரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த மாடலில் அதன் பேரிங்குக்கு எஞ்சின் ஆயில்தான் உயிர், சுற்றுவதோ நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிய பிறகும் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார்கள். விரலால் வீலைச் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. பேரிங்கையும் மாற்றி, புது இன்டர்கூலர் போட்டு, எஞ்சினைச் சேர்த்து, ஆயிலையும் பில்டரையும் மூன்று தடவை மாற்றிய பிறகுதான் டிப்ஸ்டிக்கில் தெளிந்த நிறம் வந்தது. எல்லாம் சேர்த்து புது எஞ்சின் விலையில் நாலில் ஒரு பங்கு ஆகவில்லை. முதல் தடவையே அந்தப் பெட்டியைத் தொட்டியில் முக்கிப் பார்த்திருந்தால் ராடும் பேரிங்கும் கூடத் தப்பியிருக்கும். எனக்கு ஆற்றாமையே அதுதான்.

ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின் மோட்டார் செய்த ஊர் இது. இன்றைக்கும் நம் பக்கத்தில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற நல்ல ஆள், கருகிய மோட்டாரைப் பார்த்ததும் கம்பியை எடுக்கமாட்டார். "ஒரு பேஸ் போயிருந்துச்சுங்களா, தண்ணியில்லாம ஓடுச்சுங்களா" என்று விவசாயியிடம் முதலில் கேட்பார். காரணம் தெரியாமல் கட்டிக் கொடுத்தால் பத்தே நாளில் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வி எஞ்சின் வேலையில் குறைந்துகொண்டே வருகிறது. ஐடிஐ முடித்து வரும் பையன்களுக்கு கழற்றவும் மாட்டவும் நன்றாகத் தெரிகிறது, கேட்கத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றம் இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன இன்டர்கூலர் ஒன்றையும் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் வகுப்பில் வைத்து, ஓட்டையை நீயே கண்டுபிடி என்று விட்டால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

ஐப்பசி மழை வந்தால் லங்கா கார்னரிலும் கிக்கானி பாலத்தடியிலும் கார்கள் தண்ணீரில் நின்றுபோகும். தள்ளி வெளியே கொண்டுவந்ததும் எல்லாரும் முதலில் செய்வது சாவியைத் திருப்புவதுதான். தயவுசெய்து திருப்பாதீர்கள். ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள், நனைந்திருந்தால் இழுத்துக்கொண்டே பட்டறைக்குப் போங்கள். டீசல் வண்டியில் சிலிண்டருக்குள் இடம் இன்னும் குறைவு, கொஞ்சம் தண்ணீரே ராடை வளைத்துவிடும். வேலை முடிந்து பணம் கொடுக்கும்போது, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்று பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

இந்த மாதிரி எஞ்சின் உள்ள படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குழாய் மாட்டி எஞ்சினைக் கழுவும்போது, முதலில் எஞ்சினை ஓடவிட்டு அப்புறம் தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை நிறுத்திவிட்டு அப்புறம் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் சைலன்ஸர் நிரம்பி, தண்ணீர் அந்த வழியாக சிலிண்டருக்கு ஏறிவிடும். தங்கை மகனிடம் இதைக் கரித்துண்டால் படகுக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை