மீளப்பெற முடியாதது என்று எழுதித் தாருங்கள்

மேசைக் கதையாட்டங்களை வெளியிடும் பதிப்பகத்தாருக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஆறு பேர் கூடி விளையாடுகிறோம். ஓராள் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். சண்டை வந்தால் இருபது முகப் பகடை உருளும். அந்தப் பகடை ரொறன்ரோவிலிருந்து வந்த மாமியின் பெட்டிக்குள், சொக்கிளேற்றுகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. ஆறு பேருக்கும் அது ஒன்றுதான். கை மாறி மாறி இலக்கங்களின் வெள்ளை மை பாதி அழிந்துவிட்டது.

விதிகள் ஆங்கிலத்தில், விளையாட்டுத் தமிழில். நிலாவரைக் கிணற்றுக்குள் இறங்கும் கதையொன்றை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. அடியே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். இதைவிட நல்ல பாதாளம் எனக்கு எங்கே கிடைக்கும்? உப்புத் தொடங்கும் ஆழத்தில் மந்திர விளக்கு அணைந்துவிடும் என்று விதி வைத்திருக்கிறேன். இதைச் சிறு புத்தகமாக அச்சடித்துப் பெடியள் கையில் கொடுக்க ஆசை. அதற்குத்தான் உங்கள் உரிமங்களை வரி வரியாக வாசிக்கத் தொடங்கினேன்.

2000ஆம் ஆண்டில் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற தனது கதையாட்டத்தின் விதிகளில் பெரும்பகுதியைத் திறந்த உரிமத்தில் விட்டது. யாரும் அதன் மேல் கட்டி எழுதலாம், விற்கலாம். 2009இல் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கதையாட்டம் எழுந்ததும் அந்த அத்திவாரத்தில்தான். 2023 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் புதிய உரிம வரைவு ஒன்று வெளியே கசிந்தது. அதன்படி பழைய உரிமம் இனிச் செல்லாது. ஆண்டு வருமானம் 750,000 டொலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை நிறுவனத்துக்குக் கட்டவேண்டும். அந்த விதிகளின் மேல் மற்றவர்கள் எழுதியதை நிறுவனம் பணம் தராமலே பயன்படுத்தலாம்.

அந்தத் தொகை எங்களைத் தொடாது. தொட்டது மற்ற இரண்டும். நிலாவரைக் கதையை இன்னொருவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதும், 23 வருடம் நின்ற சொல்லை ஒரே வரைவில் எடுத்துவிடலாம் என்பதும்.

அந்த வரைவை எதிர்த்து ரசிகர்கள் அளவுக்கு மீறிக் கத்தினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கத்தியதால்தான் ஜனவரி 27இல் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடாமல் விட்டதோடு, அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்திலும் வெளியிட்டது. அதை மனமார வரவேற்கிறேன். மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், தமிழில் பெயர்த்துப் புத்தகமாகவும் போடலாம்.

ஆனால் ஓட்டை எங்கே இருந்தது? பழைய உரிமத்தில் ‘நிரந்தரமானது’ என்று இருந்தது, ‘மீளப்பெற முடியாதது’ என்று இல்லை. எங்கள் வீட்டில் காணிக்கு நன்கொடை உறுதி எழுதிய நாள் ஞாபகம் வருகிறது. நொத்தாரிசு ஐயா பேனையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “மீளப்பெற முடியாதது என்று போடவோ, விடவோ?” என்று அம்மம்மாவைக் கேட்டார். அம்மம்மா யோசிக்கவே இல்லை: “போடுங்கோ. பிறகு பிள்ளையள் வளவுக்க நிண்டு சண்டை பிடிக்கக் கூடாது.” கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அந்தச் சொல் இருக்கிறது. உங்களில் பலருடைய உரிமங்களில் இன்னும் இல்லை.

இன்னொன்று. ஒரு சிறு பதிப்பகத்தின் விதிகளைத் தமிழாக்க அனுமதி கேட்டு மூன்று தரம் எழுதினேன். பெயர் வேண்டாம். எட்டு மாதமாகப் பதில் இல்லை. மறுத்திருந்தால்கூட வேறு வேலை பார்த்திருப்பேன். சட்டத்தரணி வைத்துக் கேட்க எங்களிடம் காசு இல்லை. நீங்கள் எழுதித் தரும் தாள்தான் எங்களுக்கு உள்ள முழுப் பலமும்.

சரி, கேட்பது இவ்வளவுதான். அடுத்த உரிமத்தில் அந்த ஒரு சொல்லைச் சேருங்கள். மொழிபெயர்க்கலாமா, கூடாதா என்பதை ஒரு வரியில் வெளிப்படையாக எழுதுங்கள். கொப்பியில் இன்னும் பதினொரு பக்கம் எழுதக் கிடக்கிறது. அது முடிய முதல் உங்கள் பதில் வந்தால், முதல் பக்கத்தில் எந்த உரிமத்தின் பெயரைப் போடுவது என்று முடிவெடுத்துவிடுவேன்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து ஒரு கதை நடத்துநர்